48 டாலர் யாருடையது?

ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாராவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் ஒரு கணக்கைச் சொல்லி விவாதத்தை முடித்துவிடுகிறார்: “ஒரு போனுக்குச் சீனாவுக்கே ஆறரை டாலர்தான் கிடைத்தது. நமக்கு மட்டும் என்ன கிடைத்துவிடும்? வெளியிலிருந்து வரும் பாகங்களைப் பொருத்தித் திருகாணி முடுக்குவதற்குப் பெயர் உற்பத்தியா?” இந்தப் பேச்சு எனக்கு நெடுநாளாக உறுத்தல். ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் இரவும் பகலும் முறை வைத்துப் பார்க்கும் வேலைக்கு இவ்வளவு எளிதாக மதிப்புப் போட்டுவிட முடியுமா? அந்த ஆறரை டாலர் எங்கிருந்து வந்தது, யார் எண்ணியது, எதை எண்ணாமல் விட்டார்கள் என்று தேடிப் பார்க்கத் தோன்றியது.

ஊற்று ஒன்றுதான். டோக்கியோவில் உள்ள ஆசிய வளர்ச்சி வங்கி நிறுவகம் 2010 டிசம்பரில் வெளியிட்ட ஓர் ஆய்வுத்தாள். எழுதியவர்கள் யுச்சிங் ஷிங், நீல் டெட்டர்ட். ஐபோன் 3ஜி ஒன்றைத் தயாரிக்க 178.96 டாலர் ஆகிறது, அதில் பொருத்தும் கூலி 6.50 டாலர், அதாவது 3.6 சதவீதம் என்கிறது அந்தத் தாள். ஆனால் பொருத்தும் வேலை அற்பமானது என்று நிறுவ அவர்கள் இதை எழுதவில்லை. 2009-இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன 1.13 கோடி ஐபோன்களால் அமெரிக்காவுக்கு 190 கோடி டாலர் வர்த்தகப் பற்றாக்குறை என்று சுங்கக் கணக்கு காட்டியது. ஜப்பானிலும் கொரியாவிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலேயும் உருவான மதிப்பு முழுவதும் கடைசியாகக் கப்பலேற்றிய நாட்டின் பெயரில் விழுந்திருந்தது. பொருத்தும் கூலியை மட்டும் எடுத்தால் அது ஏறக்குறைய 7.3 கோடி டாலர்தான் என்று அவர்கள் காட்டினார்கள். சீனாவின் மீது சுமத்தப்பட்ட பழியைக் குறைக்க வந்த எண் அது. நாம் அதை உழைப்பின் மதிப்பைக் குறைக்கப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தாளில் உள்ள அட்டவணையை வரிவரியாகப் படித்தபோதுதான் தேடல் ஓரிடத்தில் முட்டி நின்றது. தோஷிபாவின் நினைவகச் சில்லு 24 டாலர், திரை 19.25, தொடுதிரை 16. சாம்சங்கின் செயலி 14.46. இன்ஃபினியனின் அலைவரிசைச் சில்லு 13, கேமரா 9.55. இப்படியே இறங்கி, சிரஸ் லாஜிக்கின் ஒலிச் சில்லு 1.15 டாலரில் முடிகிறது. அதற்குக் கீழே ‘மீதமுள்ள பாகங்கள்: 48 டாலர்’ என்று ஒரே வரி. 1.15 டாலர் சில்லுக்கு முகவரி உண்டு. மொத்தச் செலவில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டும் 48 டாலருக்கு நிறுவனமும் இல்லை, நாடும் இல்லை. மேல்வரிகளில் பெயர் வராத பேட்டரி, மின்சுற்றுப் பலகை, உறை, ஒலிபெருக்கி எல்லாம் இங்கேதான் இருந்தாக வேண்டும். இவற்றில் ஒரு காசுகூடச் சீனாவுடையது அல்ல என்று வைத்துக்கொண்டால்தான் 3.6 சதவீதம் நிற்கும். பாதியை அங்கே வாங்கியிருந்தாலே சீனாவின் பங்கு 17 சதவீதத்தை எட்டிவிடும். மறுபக்கம், அந்த 6.50 டாலரைப் பெற்ற ஃபாக்ஸ்கான் தைவான் நிறுவனம். அதன் இலாபத்தை எந்த நாட்டுக் கணக்கில் சேர்ப்பது? ஊரெல்லாம் சொல்லும் எண் எழுதப்படாத ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது.

ஒவ்வொரு பாகத்தையும் பின்தொடர்ந்து போனால் விடை கிடைக்காதா என்று கேட்கலாம். பாகத்துக்குள் பாகம் வந்துகொண்டே இருக்கும். சில்லுக்கு சிலிக்கன் தகடு வேண்டும், தகட்டுக்கு வேதிப்பொருள், அதற்கு இயந்திரம், இயந்திரத்துக்கு எஃகு. இந்த முடிவில்லாச் சங்கிலியைப் பொருளியலாளர் வசிலி லியோன்டீஃப் 1936-இலேயே பிடித்தார். எந்தத் தொழில் எந்தத் தொழிலிடம் எவ்வளவு வாங்குகிறது என்று அட்டவணையிட்டு, எல்லாச் சுற்றுகளையும் ஒரே கணக்கில் கூட்டும் வழி கண்டார். அதற்காக 1973-இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த முறையை உலகம் முழுவதற்கும் விரித்துத்தான் 2013-இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பும் (ஓஇசிடி) உலக வர்த்தக அமைப்பும் நாடுகளின் ஏற்றுமதியில் உள்ள சொந்த மதிப்பைக் கணக்கிட்டு வெளியிட்டன. ஆனால் அது தொழிலின் சராசரி. ஏற்றுமதிக்கென்றே பாகங்களை இறக்குமதி செய்து பொருத்தும் ஆலையையும் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யும் ஆலையையும் அது ஒரே தட்டில் வைக்கிறது. இரண்டையும் பிரிக்காவிட்டால் சீனாவின் சொந்தப் பங்கு மிகையாகத் தெரியும் என்று கூப்மன், வாங், வெய் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. ஆக, ஒரு போனைப் பிரித்தாலும் ஒரு நாட்டைக் கூட்டினாலும் ஒருநாள் கணக்கில் முழு உண்மை அகப்படுவதில்லை. அங்கேதான் என் கேள்வி திரும்பியது: பங்கு எவ்வளவு என்பதைவிட, அது எந்தப் பக்கம் நகர்ந்தது?

இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. அதே ஷிங், 2017-இல் வந்த ஐபோன் எக்ஸைப் பின்னாளில் ஆராய்ந்தார். தயாரிப்புச் செலவு 409.25 டாலர், அதில் சீன நிறுவனங்களின் பங்கு 104 டாலர், அதாவது 25 சதவீதத்துக்கு மேல். கேமரா, மின்சுற்றுப் பலகை போன்ற பாகங்களின் வேலையில் ஒரு பகுதி சீன நிறுவனங்களின் கைக்கு வந்திருந்தது. முதல் கணக்கு பொருத்தும் கூலியை மட்டும் எடுத்தது என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் கீ, டாங் இருவரும் நிறுவன அளவிலான தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது: சீன ஏற்றுமதியில் உள்நாட்டு மதிப்பின் பங்கு 2000-இல் 65 சதவீதம், 2007-இல் 70. அயல்நாட்டுப் பாகங்களின் இடத்தை உள்ளூர்ப் பாகங்கள் பிடித்ததே காரணம். பொருத்தும் ஆலை ஓரிடத்தில் நிலைத்தால் பாகம் செய்பவர் அதைத் தேடி வருகிறார்.

அப்படியானால் இறக்குமதிப் பாகங்களுக்கு வரி போட்டால் உள்ளூர் உற்பத்தி விரைவாக வளருமே என்பது அடுத்த வாதம். சீனாவில் அந்த மாற்றம் நடந்தது வர்த்தகத்தையும் அந்நிய முதலீட்டையும் திறந்துவிட்டதால் என்று அதே கீ, டாங் ஆய்வு சொல்கிறது. நம் நாட்டுச் சான்றும் உண்டு. 1991-க்குப் பின் இந்தியா உள்ளீடுகள் மீதான வரியைக் குறைத்ததை பினெலோபி கோல்ட்பர்க் குழுவினர் ஆராய்ந்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள்: நம் நிறுவனங்கள் புதிதாகச் செய்யத் தொடங்கிய பொருட்களில் 31 சதவீதத்துக்கு அந்த வரிக்குறைப்பே காரணம். அதுவரை கிடைக்காத மூலப்பொருளும் பாகமும் கைக்கு வந்தபோது, செய்ய முடியாதிருந்ததைச் செய்ய முடிந்தது. பாகத்தின் மீதான வரி கடைசியில் அந்தப் பாகத்தை வாங்கும் உற்பத்தியாளர் தலையில்தான் விழுகிறது. மொபைல் போன் பாகங்கள் பலவற்றின் வரியை 2024 ஜனவரியில் இந்தியா 15 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்ததும் சரியான திசையே.

எனவே இரண்டு பேச்சுகளையும் நாம் கைவிட வேண்டும். ஏற்றுமதித் தொகை முழுவதும் நம் சாதனை என்று காட்டும் விளம்பரம் தவறு. பாகங்களின் இறக்குமதியை அதிலிருந்து கழித்தே ஆக வேண்டும். பொருத்தும் வேலை வெறும் ஆறரை டாலர் என்ற இளக்காரமும் தவறு. அந்த வேலை பிறகு எதை இழுத்து வந்தது என்பதை அது பார்ப்பதில்லை. ஆண்டுதோறும் நாம் கேட்க வேண்டியது வேறு: அந்த 48 டாலருக்குள் அடங்கும் எந்தெந்தப் பாகம் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களுக்குள் வந்திருக்கிறது, எது வரவில்லை, ஏன்? மின்சுற்றுப் பலகையா, பேட்டரியா, உறையா என்று பாகம் பாகமாக அரசு அந்தக் கணக்கை வெளியிட வேண்டும். சலுகையும் பயிற்சியும் எங்கே போக வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியும்.