சுவர் தாண்டிய குரல்

கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்த சுவர்கள் அலைபேசி அலைகளை வலுவிழக்கச் செய்கின்றன. எங்கள் வீட்டின் உள்ளறையில் தனித்திருக்கும் உம்மாவை அழைத்தால், 'தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' என்ற அறிவிப்பே கேட்கும். அவர்களுக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்ற அச்சம் என்னை உறங்கவிடவில்லை.

அனுமதியற்ற சிக்னல் பூஸ்டரைப் பொருத்துவது இந்தியாவில் சட்டவிரோதம். வீட்டு பிராட்பேண்டே தீர்வானது. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கிய வைஃபை அழைப்பு வசதியில், கோபுரத்துக்குப் பதிலாக இணையத்தின் வழியே அதே எண்ணுக்கு அழைப்பு வந்து சேரும். தனிச் செயலி தேவையில்லை. கைபேசியில் அவ்வசதி இருந்தால், அமைப்புகளில் இயக்கினால் போதும். மின்சாரம் நின்றால் ரவுட்டரும் நின்றுவிடும். ஆகவே அதற்கொரு மினி யுபிஎஸ் அவசியம்.

பெற்றோரைப் பிரிந்து வாழும் சகோதரர்களே, அடுத்த விடுமுறையில் இதைச் செய்து கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.