அபாயா சொல்லாத அளவு



கொஞ்சம் நீளமான பதிவு. சோனகத்தெருப் பக்கத்து ராத்தாமாரும் தங்கச்சிமாரும் நேரம் எடுத்து வாசியுங்கோ. ஆண்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது.

நாங்கள் ஐந்து பேர், ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். போன வருஷம் எங்களில் மூத்த ராத்தா கிளினிக்குக்குப் போனா. கையும் காலும் மெலிந்த ஆள். "எனக்கென்ன வருத்தம் வரப்போகுது" என்று சொல்லிக்கொண்டுதான் போனா. வெறும் வயிற்றில் எடுத்த சீனி 126ஐத் தாண்டியிருந்தது. அங்கே நேர்ஸ் இடுப்பை அளந்தபோது 94 சென்ரிமீற்றர். எங்கள் தெற்காசியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90. அதற்கு மேலே போனால் கவனம் என்று அங்கேதான் சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்குக் கொழுப்பு முதலில் வயிற்றில்தான் சேருமாம். ஆள் மெலிவாகத் தெரிந்தாலும் வருத்தம் உள்ளே வளரலாம்.

ராத்தா அழுதுகொண்டே ஒன்று கேட்டா: "இவ்வளவு கூடினது எனக்கு ஏன் தெரியேல்லை?"

யோசித்துப் பார்த்தோம். சட்டை போடுகிறவருக்கு இறுக்கினால் தெரியும். பெல்ட் கட்டுகிறவருக்கு ஓட்டை மாறினால் தெரியும். அபாயாவுக்கு இடுப்பே இல்லை. பத்து சென்ரிமீற்றர் கூடினாலும் அது ஒன்றும் சொல்லாது. வீட்டில் மக்ஸி, அதுவும் சொல்லாது. நானாமாரே, உங்கள் சாரமும் அப்படித்தான், எவ்வளவு வயிற்றுக்கும் சுற்றிக் கட்டலாம். உடுப்பை மாற்றச் சொல்லவில்லை. உடுப்பு சொல்லாததை நாடாவிடம்தான் கேட்க வேண்டும்.

மனையியல் அறையைப் பூட்டிவிட்டு அளக்கத் தொடங்கினோம். நாடா எங்களில் ஒருத்தியின் உம்மாவுடையது. 1990 ஒக்டோபரில் எங்கள் சனத்தை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றிய பிறகு, புத்தளத்தில் அந்த நாடாவை வைத்துத்தான் உம்மா தைத்துப் பிள்ளைகளை வளர்த்தா. பாசத்தோடு அதையே எடுத்தோம். கணிதப் பாட ஆசிரியை சந்தேகப்பட்டு மீற்றர் கோலோடு வைத்துப் பார்த்தா. துணி இழுபட்டு ஒன்றரை சென்ரிமீற்றர் நீண்டிருந்தது. அப்படியென்றால் எங்கள் எல்லோருக்கும் குறைத்துக் காட்டியிருக்கிறது! புது நாடா வாங்கினோம். பழையது உம்மாவின் பெட்டிக்குத் திரும்பப் போனது.

அளப்பதிலும் பிழை விட்டோம். ஒரு கிழமை தொப்புளில், அடுத்த கிழமை அதற்கு மேலே. ஒருத்திக்கு நாலு சென்ரிமீற்றர் "குறைந்தது", எல்லோரும் மாஷா அல்லாஹ் சொன்னோம். பிறகுதான் சரியான இடம் தெரிந்தது: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே. கால்களைச் சேர்த்து நின்று, சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல், நாடாவை இறுக்காமல் அளக்க வேண்டும். அபாயாவுக்கு மேலாலே அளக்கிற வேலை சரிவராது. காலையில் சாப்பிடமுன் இரண்டு தரம். இரண்டுக்கும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்ப அளக்க வேண்டும். மாதத்தில் ஒருநாள் போதும். கிழமைக்குக் கிழமை அளந்தால் மாற்றம் தெரியாது, மனந்தான் நோகும்.

மனம் நோகிறது என்றதும்தான் சொல்ல வந்த விஷயம் வருகிறது. முதல் மாதம் அளவைச் சத்தமாக வாசித்துப் பலகையில் எழுதினோம். ஒருத்தியின் அளவைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். பகிடியாகத்தான். அவ சேர்ந்து சிரித்தா. அடுத்த மூன்று கிழமை பண்ணைப் பக்கம் நடக்க வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் விருந்தாளி என்று காரணம் சொன்னா. நாங்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோது அவ சொன்னது: "நீங்கள் சிரிச்சது பரவாயில்லை. ஆனா எட்டாம் வகுப்புப் பிள்ளையளின்ர நிறையை நாங்கள் எப்படி வாசிச்சனாங்கள் என்று அண்டைக்குத்தான் விளங்கிச்சு."

நாங்கள் வாயடைத்துப்போனோம். மருத்துவப் பரிசோதனைக்கு முன் பிள்ளைகளை வரிசையில் விட்டு, உயரமும் நிறையும் எடுத்து, எழுதுகிற ஆசிரியைக்குக் கேட்கவேண்டும் என்று வகுப்பு முழுக்கக் கேட்கக் கூப்பிட்டோம். ஒரு பிள்ளை தராசில் ஏறமுன் சப்பாத்தோடு நேரம் போக்கிக்கொண்டு நின்றது. "கெதியா ஏறு" என்று அதட்டினோம். கலாசாலையில் பிள்ளையின் உளவியல் படித்து விடை எழுதிச் சித்தியடைந்தவர்கள்தான் நாங்கள்.

இந்த வருஷம் அலுமாரியை மறைப்பாக வைத்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டோம். இலக்கத்தைச் சொல்லவில்லை, எழுதினோம், அவ்வளவுதான். எங்களுக்கும் இப்போது ஆளுக்கொரு கொப்பி. யாரும் யாருடையதையும் பார்ப்பதில்லை. அவ திரும்ப நடக்க வாறா.

நோன்பு மாதம் கஞ்சி, ரோல்ஸ், கடற்பாசி, பெருநாளுக்கு வட்டிலப்பம் எல்லாம் முடிந்து அளந்தபோது எங்களில் மூன்று பேருக்குக் கூடியிருந்தது. நோன்பு பிடித்தும் கூடியிருக்கிறதே என்று வெட்கப்பட்டோம். இப்போது மெல்ல இறங்குகிறது. ராத்தா 94இலிருந்து 89க்கு வந்திருக்கிறா, அல்ஹம்துலில்லாஹ். மருந்தும் ஒழுங்காக எடுக்கிறா.

35 வயது தாண்டியவர்கள் அரச கிளினிக்கில் சீனி, பிரஷர், இடுப்பளவு எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். போங்கோ. வீட்டில் நாடா இருந்தால் முதலில் கோலோடு வைத்துப் பாருங்கோ. வாற இலக்கத்தை உங்கள் கொப்பியில் மட்டும் எழுதுங்கோ. பிள்ளையின் இலக்கத்தை ஒருபோதும் சபையில் சொல்லாதையுங்கோ.

துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.