ஆறுமணிக் குருவிக்கு ஒரு பிடி சருகு

விடியற்காலையிலேயே சாலையில் சரக்கு இறங்கத் தொடங்கிவிடுகிறது. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் இந்தத் திருவனந்தபுரம் கடைத்தெருவில் சுமட்டுக்காரர்களின் கூச்சல், லாரி ஹாரன், மலையாளமும் நாஞ்சில் தமிழும் கலந்த பேரம். இதற்கு நடுவே ஒரு குருவியின் சீழ்க்கை காதில் விழுவது நடக்காத காரியம். தெருவைத் தாண்டி மரம் அடர்ந்த வளாகங்களுக்குப் போனால், குளிர்கால மாதங்களில் அது கேட்கும். இரண்டே ஸ்வரம். விடியும்போது ஒருமுறை, அந்தியில் ஒருமுறை. தமிழர்கள் வைத்த பெயர் ஆறுமணிக் குருவி. மலையாளிகளுக்குக் காவி.

பதினெட்டு செ.மீ. உடம்பில் பச்சை முதுகு, நீலத் தோள், சந்தன நிற மார்பு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. வடக்கே 'நவரங்' என்கிறார்கள். இதன் ஆடையை மயில் திருடிக்கொண்டது என்பது சிங்களர்களின் கதை. மிச்சமிருப்பதைப் பார்த்தால் திருட்டு பாதிதான் நடந்திருக்க வேண்டும்.

இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் தெற்கே இலங்கை வரை வருகிறது. பயணம் இரவில். வால் குட்டை, வழி நீளம். களைத்துப்போய் வீடுகளுக்குள் வந்து விழுந்து கிடப்பதும் உண்டு. பிழைத்தது இறங்கித் தேடுவது சருகு மூடிய தரையை. இலையைப் புரட்டிப் பூச்சி பொறுக்கினால்தான் அதற்குச் சாப்பாடு.

சிக்கல் அங்கேதான். பழைய திருவனந்தபுரத்தில் வீட்டுக்குப் பின்னால் மாவும் பலாவும் நிற்கும் புரையிடம் இருந்தது. பல வீடுகளில் மூலையில் ஒரு சர்ப்பக்காவும். காவில் கிளை வெட்டக் கூடாது, பெருக்கக் கூடாது. பாம்புக்குப் பயந்தவர்கள் தெரியாமலே குருவிக்குச் செய்த உபகாரம். புரையிடங்கள் பாகம் பிரிந்து அடுக்குமாடிகளாகின்றன. முற்றங்களில் சிமெண்ட் கல் பாவுகிறார்கள். உதிர்ந்த இலை குப்பையாகி எரிகிறது. உலகக் கணக்கில் இந்த இனத்துக்கு ஆபத்து இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு ஊரைவிட்டுக் காணாமல் போக உலகத்தைவிட்டே அழிய வேண்டியதில்லையே.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய சாலையும் வெளியூரிலிருந்து வந்தவர்களால் வளர்ந்ததுதான். இங்கேயே கடை நடத்தி, தெருவைக் கதைகளாக்கி, 2021இல் மறைந்த ஆ. மாதவன் தன் நாவல் ஒன்றுக்குக் கிருஷ்ணப் பருந்து என்று பெயர் வைத்தார். வானத்தில் வட்டமிடும் பருந்து கடைக்காரர் கண்ணிலும் படும். புதரடியில் தத்தும் குருவி படுவதில்லை. மிருகக்காட்சிசாலை, வெள்ளாயணி வேளாண் கல்லூரி போன்ற, இன்னும் சருகு மிச்சமிருக்கும் இடங்களில் பொறுமையாக நின்றால் உண்டு. வெயில் ஏறியதும் சீழ்க்கை நின்றுபோகும். அது வடக்கே கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.