தண்ணியில கண்டம்... பெட்டியில இருபது கிலோ!

ஆபீஸில் லீவு கேட்பதற்கு ஒரு தரமான காரணம் வேண்டும். 'தாத்தாவுக்கு சீரியஸ்', 'ஊர்ல கொடை', 'மச்சினி கல்யாணம்' என்று சொன்னால் கையெழுத்து தானாக விழும். "ஆறு நாள் கடல்ல மிதக்கப் போறேன் ஸார்" என்று சொல்லிப் பாருங்கள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

பார்த்தார். பிறகு, "எந்தக் கடல்?" என்றார்.

"மாலத்தீவு ஸார்."

"நம்மகிட்டதான் லட்சத்தீவு இருக்கே?" என்றார் பக்கத்து ஸீட் நண்பர், யாரும் கேட்காமலேயே. 2024 ஜனவரியில் செல்போனுக்கு வந்த அத்தனை தேசபக்தி மெஸேஜ்களையும் பத்திரமாக சேர்த்து வைத்திருப்பவர் அவர். லட்சத்தீவுக்குப் போக இந்தியனே பர்மிட் வாங்க வேண்டும். மாலத்தீவிலோ இறங்கிய பிறகு காசு வாங்காமல் விசா ஸ்டாம்ப் குத்துகிறார்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. பிறகு ரகசியமாக வந்து, "திரும்பி வர்றப்ப ட்யூட்டி ஃப்ரீல ஏதாச்சும்..." என்று இழுத்தார். தேசபக்தி வேறு, டிபார்ட்மென்ட் வேறு.

ஆபீஸைச் சமாளித்துவிடலாம். என் பிரச்னை வீட்டில் இருந்தது. அதன் பெயர் ஜாதகம்.

எனக்கு 'தண்ணியில கண்டம்' என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா சொல்லி வந்திருக்கிறாள். எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். தாமிரபரணி தெருக்கோடியில் ஓடுகிறது. தெருப் பையன்கள் எல்லாம் மண்டபத்து மேலேயிருந்து தொபுக்கடீர் என்று குதிப்பார்கள். நான் மட்டும் படித்துறையின் இரண்டாவது படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வேன். ஆற்றங்கரையில் பிறந்து, 36 வயது வரைக்கும் நீச்சல் தெரியாத ஒரே ஆம்பிளை எங்கள் தாலுகாவிலேயே நானாகத்தான் இருப்பேன். சென்னைக்கு வந்த பிறகும் மெரீனாவில் கணுக்கால் வரைதான்.

"எங்கே போறதா சொன்னே?" என்றாள் அம்மா. என் மகள் (மூன்றாம் கிளாஸ், ரொம்ப உதவி) செல்போனில் மேப்பைப் பெரிசு பண்ணிக் காட்டினாள். நீலம். இன்னும் பெரிசு பண்ணினாள். நீலம். மேலும் பெரிசு பண்ணியதும் மிளகாய் விதை மாதிரி நாலைந்து புள்ளி தெரிந்தது.

"இது தாண்டா ஊரா?"

"ஊர்தாம்மா. மொத்தம் ஆயிரத்து நூத்துச் சொச்சம் தீவு இருக்கு. அதுல ஜனங்க இருக்கறது 200க்கும் கம்மி."

"மேடா இருக்குமா?"

இங்கேதான் நான் வாயை அடக்கியிருக்கலாம். மாலத்தீவின் நிலம் கடல் மட்டத்துக்கு மேலே சராசரியாக ஒன்றரை மீட்டர். அந்த நாட்டிலேயே இயற்கையான உச்சி என்று சொல்லப்படுவது இரண்டரை மீட்டர்கூடக் கிடையாது. எங்கள் வீட்டுப் பரணுக்கு அதைவிட உயரம் ஜாஸ்தி. இதை நான் சொல்லவில்லை. மகள் படித்துக் காட்டினாள். அன்றைக்கு ராத்திரி அம்மா சாப்பிடவில்லை.

என் வீட்டுக்காரி அதிகம் பேச மாட்டாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் வாய் விட்டுக் கேட்டது இந்த ஒரு ட்ரிப்தான். மூன்று வருஷமாகச் சீட்டுக் கட்டியிருக்கிறாள். "அத்தை சொல்றதும் நியாயம்தான். நீங்க நீச்சல் கத்துக்கிட்டா அவங்களுக்குத் தைரியம் வரும்" என்றாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பார்களே, இரண்டும் என் தலையிலேயே விழுந்தன.

கார்ப்பரேஷன் நீச்சல் குளத்தில் காலை ஆறு மணி பேட்ச். அதில் நான் ஒருவன்தான் மீசை வைத்தவன். மற்ற பன்னிரண்டு பேரும் யூ.கே.ஜி.யிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. முதல் நாள் நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு பொடியன் என் பக்கமாக மிதந்து வந்து, "அங்கிள், இங்க உங்களுக்கு இடுப்பு வரைக்கும்தான் ஆழம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

கோச் நல்ல மனிதர். "ஸார், தண்ணியைப் போட்டு அடிக்காதீங்க. அது உங்களை ஒண்ணும் பண்ணல" என்பார். அவர் சொல்லித் தந்த ஒரு விஷயம் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். பயத்தில் நாம் முதலில் செய்வது தலையை வெளியே தூக்குவது. தலையைத் தூக்கினால் கால் கீழே இறங்கும். கால் இறங்கினால் ஆளே இறங்கிவிடுவார். மூச்சை நிறைய இழுத்து, முகத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா கிடந்தால் உடம்பு தானாக மேலே வரும். நுரையீரலில் காற்று இருக்கிற வரை மனுஷ உடம்பு தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு. கடல் நீரோ உப்பு கரைந்திருப்பதால் குளத்து நீரைவிட இன்னும் கொஞ்சம் தாங்கும். 'சும்மா இருப்பது' என்பது ஆபீஸில் பதினான்கு வருஷமாக நான் பழகிய கலைதான். ஆனாலும் தண்ணீரில் அது கைவர மூன்று வாரம் ஆயிற்று. ஆறாவது வாரம் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்ச் சேர்ந்தேன். பன்னிரண்டு பொடிசுகளும் கை தட்டினார்கள். இன்க்ரிமென்ட் லெட்டர் வாங்கியபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

சரி, மூட்டை கட்டும் படலம்.

எங்கள் டிக்கெட்டில் பெட்டிக்கு ஆளுக்கு 20 கிலோ, கையில் 7 கிலோ. திருவனந்தபுரத்திலிருந்து மாலே ஒன்றரை மணி நேரத்துக்குள். நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகவே ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். ஆனால் ஊருக்குப் போகும்போது ஒரு தோள் பையோடு போகிற குடும்பம், ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு ஹால் பூராவும் கடை பரப்பியது.

அம்மாவின் பங்கு முதலில் வந்தது. பருப்புப்பொடி, புளியோதரைப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், கொப்பரைத் தேங்காய் நாலு மூடி. கொப்பரையை நான் எடுத்து வெளியே வைத்தேன். எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பிடிக்கும் என்று நம் ஊர் விமானங்களில் அதைப் பெட்டியிலும் விடுவதில்லை, கையிலும் விடுவதில்லை. தவிர, தென்னையைத் தேசிய மரமாக வைத்திருக்கும் நாட்டுக்கு நாம் தேங்காய் கொண்டு போவது கொஞ்சம் ஓவர். ஊறுகாயில் எண்ணெய் மிதப்பதால் கைப்பையில் வைத்தால் செக்யூரிட்டியில் எடுத்துவிடுவார்கள். நாலு கவர் சுற்றிப் பெட்டிக்குள் போயிற்று.

"அங்கே என்னடா கிடைக்கும்?" என்றாள் அம்மா. மீன்தான், அதுவும் சூரை மீன்தான். சூரையை அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரி காயவைத்து விற்பார்கள். நம் தென்கடலோரத்தில் மாசி என்கிறோமே, அதேதான். காலையில் அதே சூரையைத் தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாயோடு பிசைந்து ரொட்டியோடு தருவார்களாம். மஸ் ஹுனி என்று பேர். சொல்லும்போதே எனக்கு நாக்கில் ஜலம். சைவமான என் வீட்டுக்காரி பேசாமல் இன்னொரு பாட்டில் பருப்புப்பொடியை உள்ளே வைத்தாள்.

துணி விஷயத்தில் அம்மாவுக்கு ஒரு நிம்மதி. நாங்கள் எடுத்திருந்தது லட்ச ரூபாய் ரிஸார்ட் இல்லை. மாலேக்குத் தெற்கே, உள்ளூர் ஜனங்கள் வாழும் மாஃபுஷி தீவில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். அங்கெல்லாம் தெருவில் அடக்கமாகத்தான் உடுத்த வேண்டும். நீச்சல் உடை அதற்கென்று ஒதுக்கிய கடற்கரையோடு சரி. ஆண்பிள்ளைகளும் சட்டையில்லாமல் தெருவில் உலாத்தக் கூடாது. "நல்ல ஊராத்தான் இருக்கு" என்றாள் அம்மா. அந்த ஊரில் குடியும் கிடையாது என்றதும் இன்னும் கொஞ்சம் நல்ல ஊர் ஆகிவிட்டது. (ரிஸார்ட் தீவுகளில் உண்டு. அதை யார் அம்மாவிடம் சொல்வது?)

பிளக் பாயின்ட் அங்கே பெரும்பாலும் சிங்கப்பூர் மாதிரி, மூன்று சப்பைக் கால். பத்து வருஷம் முன்னால் சிங்கப்பூர் மாமா கொடுத்த ரைஸ் குக்கரோடு வந்த அடாப்டர் பரணில் கிடைத்தது. பவர் பேங்க்கைப் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான். பயணத்துக்கு முந்தின நாலு நாளைக்குள் அந்த நாட்டு அரசின் 'இமுகா' என்ற படிவத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது, கேட்கிறவன் திருடன்.

ஸன்ஸ்க்ரீன்தான் என்னை ஏமாற்றிய வஸ்து. 30 நம்பருக்கு ஒரு விலை, 50 நம்பருக்கு அநியாய விலை. 30 போட்டால் அந்த வகைக் கதிரில் சுமார் 97 சதவிகிதம் தடுக்கும், 50 போட்டால் 98. அந்த ஒரு சதவிகிதத்துக்குத்தான் இத்தனை பில்! எதைப் பூசினாலும் இரண்டு மணிக்கொருதரம் மறுபடி பூச வேண்டும். ஆக்ஸிபென்ஸோன் கலந்ததாக இருந்தால் பவளப்பாறைக்கு ஆகாது என்று பலாவ் தீவு நாடு 2020லேயே தடை போட்டுவிட்டது. மாலத்தீவின் நிலமே பவளம் இடிந்து சேர்ந்ததுதான். விருந்துக்குப் போகிற வீட்டுச் சுவரைச் சுரண்டுவானேன் என்று முழுக்கை பனியன் நாலு எடுத்துக்கொண்டேன். குப்புற மிதந்து மீன் பார்க்கிறவனுக்கு முதலில் வேகிறது முதுகு. பனியன் அதற்கும் ஆச்சு.

கடைசியில் லேப்டாப். "சும்மா ஒரு சேஃப்டிக்கு வெச்சுக்கோங்க" என்று மேனேஜர் மூன்று தடவை சொல்லியிருந்தார். காய்கறிக்காரரிடம் இரவல் வாங்கிய தொங்குதராசில் கைப்பையை மாட்டினோம். எட்டரை கிலோ. லேப்டாப்பும் சார்ஜரும் 2 கிலோ 300. மகளின் அளவுக்கு வாங்கிய லைஃப் ஜாக்கெட்டும், தண்ணீருக்குள் பார்க்கிற மூன்று கண்ணாடியும் சேர்ந்து ஏறக்குறைய அதே எடை. பெட்டியில் இடமில்லை. இரண்டில் ஒன்று.

வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேப்டாப்பை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். மேனேஜருக்கு, "ஏர்லைன்ஸ் ரூல் ஸார், ஏழு கிலோதான்" என்று மெஸேஜ். சத்தியமான உண்மை. அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. மேல்நோக்கித்தான்.

ராத்திரி பத்தரைக்கு அம்மா பூஜை அலமாரியிலிருந்து கட்டைவிரல் உயரப் பிள்ளையாரை எடுத்து வந்து என் சட்டைகளுக்கு நடுவே வைத்தாள். வெண்கலம். அவள் பிறந்த வீட்டுச் சீதனம்.

"அம்மா, வழிபாட்டு விக்ரகம் எதையும் அந்த நாட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாது. கஸ்டம்ஸ்ல எடுத்துருவாங்க. அது அவங்க சட்டம்."

அம்மா பிள்ளையாரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். முந்தானையால் துடைத்தாள். போகாமல் அங்கேயே நின்றாள்.

"உனக்குத் தண்ணியில கண்டம்னு எந்த ஜோசியரும் சொல்லலடா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நாந்தான் சொன்னேன். எனக்கு ஒரு தம்பி இருந்தான்ல... காய்ச்சல்ல போனான்னு உன்கிட்ட சொல்லியிருக்கோம். காய்ச்சல் இல்ல. ஐப்பசி மாசம், ஆத்துல வெள்ளம். பதினாறு வயசு. நல்லா நீஞ்சுவான். ரெண்டு நாள் கழிச்சு சேரன்மாதேவி கிட்ட..." அவ்வளவுதான் சொன்னாள். "நீ நடக்க ஆரம்பிச்சதும் நேரா ஆத்துப் பக்கம்தான் ஓடுவே. 'போகாதே'ன்னா கேக்க மாட்டே. ஜாதகம்னா கேப்பேன்னு..."

என்ன சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவின் கையில் பிள்ளையார் இருந்தார்.

நான் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். நாங்கள் இறங்கப் போவது வெள்ளம் வருகிற ஆறு இல்லை. சுற்றிலும் பவளப்பாறை வேலி மாதிரி நிற்கும்; அலை அங்கேயே உடைந்துவிடும்; உள்ளே குளம் மாதிரி, நிறைய இடத்தில் இடுப்பளவு. ஆபத்து எங்கே என்றால் வேலிக்கு நடுவே வாய்க்கால் மாதிரி திறந்திருக்கும் இடத்தில். அங்கே இழுப்பு பலமாக இருக்கும். அந்த ஊர் பாஷையில் அதற்குப் பேர் 'கண்டு'.

"கண்டமா?"

"கண்டு. அந்தப் பக்கமே போக மாட்டோம்மா. ஊர்க்காரங்களைக் கேட்டுட்டுத்தான் இறங்குவோம். மூணு பேருக்கும் லைஃப் ஜாக்கெட். எனக்கு இப்ப மிதக்கத் தெரியும்."

"பேத்திக்கு?"

"அவ என்னைவிட நல்லா நீஞ்சறா."

அம்மா பெட்டியைப் பார்த்தாள். லைஃப் ஜாக்கெட்டை எடுத்து அதன் பட்டையை இழுத்துப் பார்த்தாள். பக்கிளைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டு, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தாள். தாங்கியது. மடித்து உள்ளே வைத்தாள். பிள்ளையாரை அலமாரியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவள் கேட்டாள்:

"இதையே ஒரு ஆள் ரெண்டு போட்டுக்க முடியாதாடா?"