பூண்டுலோயாவில் ஒரு டன்சினன்

நானுஓயாவில் எடின்பரோ. அங்கிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்குப் போனால் கிளாஸ்கோ. அதே பக்கத்தில் பெல்மோரல். தலவாக்கலையில் ஹொலிரூட். ஸ்கொட்லாந்தின் தலைநகர், மிகப் பெரிய நகரம், அரச குடும்பத்தின் கோடைகால மாளிகை, எடின்பரோ அரண்மனை ஆகிய நான்கின் பெயரும் இலங்கையில் எங்கள் நுவரெலியா மாவட்டத்துக்குள் இருக்கின்றன. நான்கும் தேயிலைத் தோட்டங்கள். நான்கிலும் வாழ்கிறவர்கள் மலையகத் தமிழர்களான நம்மவர்கள்.

கண்டிச் சீமையில் காடு வெட்டிக் கோப்பி போட வந்த துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். 1867இல் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்த நாட்டவரே. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபோது மலையில் பயிர் மாறியது, பெயர்கள் மாறவில்லை. அதே காலத்தில் அதே நாட்டு மனிதர்கள் உலகெங்கும் போனார்கள். போன இடமெல்லாம் ஊர்ப் பெயரையும் கொண்டுபோனார்கள். டன்கெல்ட் என்ற சிற்றூர் ஸ்கொட்லாந்தில் டே ஆற்றங்கரையில் இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு டன்கெல்ட் உண்டு, தென்னாபிரிக்காவின் ஜொஹானஸ்பேர்க்கில் ஒன்று உண்டு, டிக்கோயாவில் ஒரு தோட்டமும் உண்டு. அபர்டீன் ஹொங்கொங்கில் இருக்கிறது, அமெரிக்காவில் இருக்கிறது, கினிகத்தேனையில் அருவியாக விழுகிறது.

ஊரைப் பிரிந்தவன் ஊர்ப் பெயரைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். விக்டோரியாவின் டன்கெல்டில் பெயர் வைத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கேயே வாழ்ந்தார்கள், அங்கேயே அடக்கமானார்கள். இங்கே நடந்தது வேறு. பெயர் வைத்தவர் பங்களாவில் சில வருடங்கள் இருந்துவிட்டுக் கப்பலேறினார். அந்தப் பெயருக்குள் பிறந்து, கொழுந்தெடுத்து, செத்து, தேயிலைக்கு அடியிலேயே புதைந்தவர்கள் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த ஊர்களின் பெயர் தோட்டப் பலகைகளில் ஏறவில்லை.

பூண்டுலோயாவின் டன்சினனைப் பற்றி நான் அதிகம் யோசித்திருக்கிறேன். மூல டன்சினன், ஸ்கொட்லாந்தின் பெர்த்ஷயரில் சுமார் 310 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்று. ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் கொடுங்கோலனின் கோட்டை அங்கேதான். பேர்னாம் காடு டன்சினனுக்கு நடந்து வரும்வரை உனக்குத் தோல்வியில்லை என்று அவனுக்குக் குறி சொல்கிறார்கள். எதிரிப் படை மரக்கிளைகளை வெட்டித் தமக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வருகிறது. காடே நடந்து வந்ததுபோல் ஆகி, அவன் வீழ்கிறான். அந்தப் பெயர் வந்து சேர்ந்த எங்கள் மலையிலோ காடு வெட்டி எரிக்கப்பட்டது. வெட்டியவர்களின் வாரிசுகளுக்கு அந்த மண்ணில் ஒரு பேர்ச் காணிக்கும் உறுதி இல்லாமல் போனது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டையும் பறித்தது.

1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், அப்படி நாடற்றுப் போனவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. போனவர்களில் பலர் நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேயும் கிளென்மார்கன், கிரேக்மோர் என்று அதே நாட்டுப் பெயர்கள்தான் வரவேற்றன.

தோட்டத்தின் பெயர் உலகச் சந்தையில் தேயிலைப் பெட்டியின் மேல் மின்னுகிறது. அதே பெயரைக் கொண்டு ஒரு கடிதம், தொழிலாளர் வாழும் லயத்து வரிசை வீட்டுக்கு நேராக வந்துசேராது. பெரும்பாலான லயங்களுக்கு இலக்கமில்லை, வீதிப் பெயரில்லை. மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று மட்டும் எழுதி, தோட்டத்து ஒபிஸ் வழியாகக் கடிதம் வரவேண்டும். என் சித்தி மகளுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்த பிறகு கையில் கிடைத்தது. அரண்மனைப் பெயர் இருக்கிற இடத்தில் ஆளுக்கு முகவரி இல்லை என்பதை அன்று முழுமையாக உணர்ந்தேன்.

இதற்கு நடுவிலும் நம் மக்கள் பெயர் வைக்காமல் இருக்கவில்லை. சிவனொளிபாதமலையின் அடிவாரத்தை ஆங்கிலத்தில் டல்ஹவுசி என்றார்கள். இமாசலப் பிரதேசத்தில் ஒரு டல்ஹவுசி இருக்கிறது, கனடாவிலும் ஒன்று இருக்கிறது. எங்கள் சனம் அந்த இடத்தை நல்லதண்ணி என்றது. இன்று மலையேற வரும் சிங்கள யாத்திரிகரும் அதை நல்லதண்ணிய என்றே சொல்கிறார்கள். எந்த ஆணையும் இல்லாமல், மக்கள் வாயில் நிலைத்த பெயர் அது. மலையகத்தில் எனக்கு மிகப் பிடித்த இடப்பெயரும் அதுதான்.

தோட்டத்துக்குள்ளே இப்படி ஏராளம் உண்டு. செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் இலக்கமாக இருக்கும் தேயிலை மலைக்குக் கொழுந்தெடுக்கும் பெண்கள் சவுக்குமரத்து மலை, ரோதைமுனி மேடு, பழைய கங்காணி லயத்தடி என்று வேறு பெயர் சொல்வார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கேட்டாலே புரியும். ஆனால் தேயிலை காடாகிக் கிடக்கும் மலைகளுக்கு யாரும் போவதில்லை. இளசுகள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். மலைக்குப் போகாதவர்கள் வாயில் மலையின் பெயர் எப்படித் தங்கும்?

2018இல் டன்சினனில் இந்திய உதவியுடன் கட்டிய 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. அந்தக் குடியிருப்புக்கு மகாத்மா காந்தி புரம் என்று பெயர். தனி வீடு என்பது பல தலைமுறைக் கனவு. 1927இல் இலங்கைக்கு வந்த காந்தியின் பெயரும் மரியாதைக்குரியது. என்றாலும் இனி எழும் ஒவ்வொரு குடியிருப்பிலும், வீதிகளுக்காவது அங்கே வாழ்கிறவர்களைக் கேட்டுப் பெயர் வைக்க வேண்டும். துரைமார் கேட்கவில்லை, நம் அரசியல் தலைவர்களும் கேட்காமல் விடுவது சரியல்ல.

மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்ததால்தான் அவை இன்று நூலாக இருக்கின்றன. மலைப்பெயர்களுக்கு அப்படி ஒரு தொகுப்பு வேண்டும். இதைத் தனி ஒருவர் செய்ய முடியாது. தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் மாணவர்களும் நினைத்தால் ஒரு தவணைக்குள் ஒரு தோட்டத்தை முடித்துவிடலாம். உங்கள் வீட்டில் பென்ஷன் எடுத்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இந்த விடுமுறையில் ஒரு கொப்பியோடு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். எந்த மலைக்கு என்ன பெயர், யார் வைத்தது, ஏன் வைத்தது என்று கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள்.