வாளியில் தண்ணீர் இல்லை

ஜூலையில் ரொறன்ரோ வீடுகளின் பேஸ்மென்ட்டில் வரும் மணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நனைந்த கார்ட்போர்ட் பெட்டியும் பழைய சப்பாத்தும் சேர்ந்த மாதிரி ஒரு மணம். எங்கள் வீட்டில் தம்பியின் அறை அங்கேதான். அவனுக்கு ஆஸ்துமா. சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியதும், ஈரப்பதம் காட்டும் சின்ன மீற்றர் ஒன்றை வாங்கி வைத்தேன். 74 சதவீதம் காட்டியது. வீட்டுக்குள் 50க்குக் கீழே இருப்பதுதான் நல்லது.

அம்மாவின் வைத்தியம் யன்னலைத் திறப்பது. "காத்து வந்தாத்தானே காயும்" என்பார். யாழ்ப்பாணத்து வீட்டுக்கு அது சரி. இங்கே பேஸ்மென்ட் சுவர் மண்ணுக்குள் இருக்கிறது, கோடையிலும் குளிர்ந்துபோய் இருக்கும். வெளியிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று அதில் பட்டால், பிரிட்ஜிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் மாதிரிச் சுவரும் வியர்க்கும். அம்மா நம்பவில்லை. யன்னலைத் திறந்துவிட்டு அரை மணித்தியாலம் மீற்றரைப் பார்க்கச் சொன்னேன். 78 ஆனது.

ஈரத்தை இழுக்கிற டிஹியூமிடிபையர் புதிதாக வாங்க 300 டொலர் வரை வேண்டும். அப்பாவுக்கு அந்த மாதம் வேலை நேரம் குறைந்திருந்தது. நான் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவில் குப்பை எடுக்கும் நாளில் ஒன்று சரிந்து கிடந்தது. தம்பியும் நானும் உருட்டிக்கொண்டு வந்தோம்.

பிரிட்ஜ் திருத்துகிற மாமாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன்.

"எங்க எடுத்தனி?"

"றோட்டில, மாமா."

"பிளக்கில போட்டிடாத பிள்ளை. முதல்ல பின்னால இருக்கிற ஸ்டிக்கரைக் காட்டு."

எனக்கு வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி. மாமாவுக்கு, எரியுமா என்பது. 2013இலும் பிறகு 2021இலும், சூடாகித் தீப்பிடிக்கலாம் என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் இலட்சக்கணக்கான டிஹியூமிடிபையர்களைத் திருப்பி அழைத்தார்கள். ஒரே தொழிற்சாலையில் செய்தவை பல பெயர்களில் விற்கப்பட்டிருந்தன. அதனால் முன்னால் எழுதியிருக்கிற பெயரை மட்டும் வைத்து முடிவு எடுக்க முடியாது, மொடல் நம்பரைத் தேட வேண்டும். கனடா அரசின் இணையத்தளத்தில் தேடினேன். எங்களுடையது அந்தப் பட்டியல்களில் இல்லை. இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும், 300 டொலர் மிச்சம் என்றாலும்.

அடுத்தது, ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைக்கச் சொன்னார். சரிந்து கிடந்தால் கொம்பிரசருக்குள் இருக்கிற எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும், அது திரும்பி இறங்க நேரம் வேண்டுமாம். தம்பிக்குப் பொறுமையில்லை. ஒவ்வொரு மணித்தியாலமும் வந்து பார்த்தான்.

மறுநாள் பிளக்கைப் போட்டால் சிவப்பு விளக்கு: வாளி நிறைந்துவிட்டதாம். வாளி வெறுமையாக இருந்தது. வாளிக்குள் ஒரு மிதவை இருக்கும், தண்ணீரோடு மேலே போய் மெஷினை நிறுத்துவது அதுதான். இதில் அது வழுவழுப்பான அழுக்கில் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. சோப்புத் தண்ணீரில் கழுவினேன், விழுந்தது. இதற்காகத்தான் யாரோ எறிந்திருப்பார்களோ என்று நினைத்தேன்.

இல்லை. ஃபேன் ஓடியது, கொம்பிரசரும் உறுமத் தொடங்கியது, ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் வாளியில் ஒரு சொட்டு இல்லை. இந்த இடத்தில் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மிச்சம் சுலபம். ஃபேன் அறைக் காற்றை இழுத்து ஒரு குளிர்ந்த கொயில்மேல் விடுகிறது. அங்கே ஈரம் தண்ணீராகி வாளிக்குள் சொட்டுகிறது. பிறகு அதே காற்று சூடான கொயிலைத் தாண்டி வெளியே வருகிறது. அப்படியென்றால் குளிர்ந்த கொயிலைப் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு முன்மூடியை எடுத்தேன். கொயில் முழுக்க வெள்ளையாக உறைபனி.

"முழுக்கவா, ஒரு பக்கம் மட்டுமா? வடிவாப் பார்" என்றார் மாமா. இதுதான் முக்கியமான கேள்வியாம். ஒரு மூலையில் மட்டும் உறைந்து மிச்சம் காய்ந்திருந்தால் பெரும்பாலும் உள்ளே வாயு குறைந்துவிட்டது. அதை வீட்டில் திருத்த முடியாது. பழைய மெஷினுக்குக் காசு கொடுத்துச் செய்விப்பதும் வீண். முழுக்க உறைந்திருந்தால் பெரும்பாலும் காற்று போதாது, அல்லது அறை அளவுக்கு மீறிக் குளிர். எங்கள் அறை 21 பாகை. பில்டரைக் கழற்றினேன், சாம்பல் நிறக் கம்பளி மாதிரித் தூசு. அதற்குப் பின்னால் கொயிலிலும் அதே தூசு. பனி உருகும்வரை விட்டு, பழைய பல் தூரிகையால் மேலிருந்து கீழாக மெதுவாகத் துடைத்தேன். குறுக்கே தேய்த்தால் அந்த மெல்லிய தகடுகள் வளைந்துவிடும். கப்பாசிட்டர் இருக்கும் பக்கத்தை மட்டும் திறக்க விடவில்லை மாமா. பிளக்கைக் கழற்றினாலும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

அன்று பின்னேரம் கொயில் முழுக்க ஒரே சீராக வியர்த்தது. இரவு பத்து மணிக்கு வாளி பாதி. அம்மா அதைக் கறிவேப்பிலைக்கு ஊற்றக் கேட்டார். கொயிலின் உலோகமும் கிருமிகளும் அந்தத் தண்ணீரில் சேர்ந்திருக்கலாம், சாப்பிடுகிற எதற்கும் வேண்டாம் என்று சொல்லி வாங்கி ஊற்றிவிட்டேன். இன்னும் கொஞ்சம் கோபம்தான் அவருக்கு.

நான்காம் நாள் மீற்றர் 51. தம்பி நித்திரை கொள்ளும்போது மெஷினை நிறுத்திவிடுவோம். நேராகச் சுவர் பிளக்கில்தான் போடுவோம், எக்ஸ்டென்ஷன் வயரில் இல்லை. அந்த மூலையில் இருந்த பூஞ்சணத்தை முகமூடி போட்டுக்கொண்டு நான்தான் துடைத்தேன், அவனை மேலே அனுப்பிவிட்டு. அது திரும்ப வருகிறதா என்று சனிக்கிழமைகளில் டோர்ச் அடித்துப் பார்க்கிறோம்.