குன்றின் மேல் ஒரு பச்சை மைதானம்

உதைபந்தாட்டம் என்றதும், "அது மகன்மாரின் விஷயம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே! இன்று நான் உங்களை அழைத்துச் செல்லும் மைதானத்தில் பந்தை விட நாம் பார்க்க வேண்டியது அதன் குசினியைத்தான்.

லண்டன் பெடிங்டன் நிலையத்தில் புகையிரதம் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தில் ஸ்ட்ரௌட் நகரில் இறங்கலாம். ஓடைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த இந்தப் பிரதேசத்தில் ஒரு காலத்தில் நீரின் விசையால் கம்பளி ஆலைகள் இயங்கின. அங்கிருந்து பஸ்ஸில் சில மைல் தெற்கே போனால் நெய்ல்ஸ்வேர்த் என்ற சிற்றூர் வரும். சனத்தொகை ஏறக்குறைய ஆறாயிரம்தான். ஊரிலிருந்து செங்குத்தான பாதையில் மூச்சு வாங்க ஏறுங்கள். மேலே தெரிவதுதான் பொரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் கழகத்தின் மைதானம்.

1889 இல் தொடங்கிய இந்தக் கழகம் 2010 இல் கடனில் தத்தளித்தது. கைகொடுத்தவர் டேல் வின்ஸ். ஒரு காலத்தில் வானில் குடியிருந்து நாடோடியாகத் திரிந்த அவர், பின்னர் காற்றாடி மின்சாரம் விற்கும் நிறுவனத்தை ஸ்ட்ரௌடில் நிறுவினார். கழகம் கைக்கு வந்ததும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உதைபந்தாட்டக் கழகம் ஒன்று பூமிக்குப் பாரமில்லாமல் இயங்க முடியாதா?

அண்ணாந்து பாருங்கள். பார்வையாளர் மண்டபத்தின் கூரையில் சூரிய மின் பெனல்கள். குனிந்து பாருங்கள். இந்தப் புல்லுக்கு இரசாயனப் பசளையோ கிருமிநாசினியோ இடுவதில்லை. மழைநீரைச் சேர்த்து வைத்துப் பாய்ச்சுகிறார்கள். புல் வெட்டுவதற்குச் சூரிய மின்சாரத்தில் ஓடும் ரொபோ ஒன்றும் உண்டு. வாகனத் தரிப்பிடத்தில் மின்சாரக் கார்களுக்கு மின்னேற்றும் வசதியும் இருக்கிறது.

இதற்கெல்லாம் பெரிய எதிர்ப்பு வரவில்லை. எதிர்ப்பு வந்தது குசினியிலிருந்துதான்! 2011 இல் மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சி நிறுத்தப்பட்டது. 2015 இல் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவுமே இல்லை. உலகிலேயே முழுமையாகத் தாவர உணவுக்கு மாறிய முதல் உதைபந்தாட்டக் கழகம் இதுதான். எதிரணி ரசிகர்கள் கேலி செய்தார்கள். இங்கிலாந்தில் பந்தாட்டம் பார்க்கப் போகிறவர்கள் கையில் இறைச்சிப் பணிஸ் இல்லாமல் இருப்பார்களா?

ஏன் இந்தப் பிடிவாதம்? மாடு அசைபோடும்போது வெளிவிடும் மெதேன் வாயு பூமியைச் சூடாக்குகிறது. மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் காடுகள் அழிகின்றன. ஹலாலான இறைச்சியை நாம் விலக்கத் தேவையில்லை. ஆனால், கிழமையில் எத்தனை நாள் சமைக்கிறோம், எவ்வளவு குப்பையில் போகிறது என்று யோசிக்கலாம் அல்லவா? (அங்கே போனால் ஒரு கவனம்: இறைச்சி இல்லையென்றாலும் மதுபானம் விற்கப்படுகிறது. கேட்டுப் பார்த்தே வாங்குங்கள்.)

2018 இல் காபன் சமநிலை பெற்ற கழகம் என்ற ஐக்கிய நாடுகள் சபையின் அங்கீகாரம் கிடைத்தது. குறைக்க முடியாத மிச்சத்துக்கு வேறிடத்துப் பசுமைத் திட்டங்களுக்குப் பணம் கொடுத்து ஈடுசெய்வதும் இந்தக் கணக்கில் அடங்கும். கடனை அடைப்பது நல்லதுதான். கடன் வாங்காமலிருப்பது அதைவிட நல்லது. ஏனென்றால், எந்தக் கழகத்தின் கணக்கைப் பார்த்தாலும் புகையில் பெரும்பங்கு ரசிகர்களின் பயணத்திலிருந்துதான் வருகிறது. இந்தக் குன்றுக்கும் பலர் காரில்தான் வருகிறார்கள்.

மரத்தாலேயே புதிய மைதானம் ஒன்று கட்டும் திட்டமும் உண்டு. வரைந்தது, பக்தாதில் பிறந்து உலகப் புகழ் பெற்ற பெண் கட்டடக் கலைஞர் மர்ஹூமா ஸஹா ஹதீத் நிறுவிய நிறுவனம். முதலில் மறுத்த உள்ளூராட்சி சபை 2019 டிசம்பரில் அனுமதி கொடுத்தது.

பசுமையால் வெற்றி கிடைத்ததா என்று கேட்பீர்கள். 2017 இல் இங்கிலாந்தின் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தார்கள். இத்தனை சிறிய ஊர் அதற்கு முன் அங்கே இடம்பிடித்ததேயில்லை. 2022 இல் இன்னொரு படி ஏறினார்கள். பிறகு 2023 இலும் 2024 இலும் தொடர்ந்து இரு படிகள் சறுக்கினார்கள். ஆனாலும் கொள்கையைக் கைவிடவில்லை. வெற்றிக்காக மட்டும் செய்யும் நன்மை தோல்வியோடு முடிந்துவிடும். சரியென்று நம்பிச் செய்வதுதான் நிலைக்கும்.

ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் நீரை வீணாக்கக் கூடாது என்று ஓதப்பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் குன்றின் மேல் அவர்கள் கணக்குப் போட்டுக் கண்டது நமக்குப் புதிதல்ல. மகனின் பாடசாலை விளையாட்டுப் போட்டி வரும்போது நினைத்துக்கொள்ளுங்கள். அயல் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரே வானில் அனுப்புங்கள். தண்ணீரை வீட்டிலிருந்தே கழுவிப் பாவிக்கும் போத்தலில் கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டை அளவாகக் கட்டுங்கள்.

அந்தக் கழகத்தின் கடினமான மாற்றம் தொடங்கிய இடம் குசினி. நம் வீட்டில் அது நம் கையில்தானே இருக்கிறது? வீண்விரயம் இல்லாத வாழ்வை அல்லாஹ் நம் எல்லோருக்கும் இலேசாக்கித் தருவானாக, ஆமீன்.